ஆன்லைன் படிப்பில் எது வந்து சேர்கிறது, எது வழியிலேயே நின்றுவிடுகிறது?

2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஒரு விளக்கம் கொடுத்தது: அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் ஆன்லைனில் படித்து வாங்கிய பட்டம், அன்றாடம் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம். 2025 ஆகஸ்டில் அதே யுஜிசி இன்னொரு உத்தரவு போட்டது: உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு-ஊட்டச்சத்து உள்ளிட்ட படிப்புகளை ஆன்லைனிலும் தொலைதூர முறையிலும் நடத்தக் கூடாது; அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே நிறுத்த வேண்டும். சமம் என்றால் ஏன் தடை? தடை என்றால் எப்படிச் சமம்? சேர்க்கை நேரத்தில் பெற்றோரும் மாணவர்களும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. படிப்பு என்பதை ஒரே பொருளாகப் பார்ப்பதால் மோதுவதுபோலத் தெரிகிறது. ஒரு பாடத்தைக் கற்பதற்குள் பல வேலைகள் பின்னிக் கிடக்கின்றன. சில வேலைகள் இணையம் வழியே முழுசாக வந்து சேரும், சில பாதிதான் வரும், சில வரவே வராது. எது எது எந்த வகை என்று பிரித்துப் பார்த்தால், ஆன்லைன் கல்வியின் நன்மை தீமைகள் என்று தனித்தனிப் பட்டியல் போட வேண்டிய அவசியமே இருக்காது. இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் முளைக்கின்றன.

ஒரே பெயர், நான்கு சரக்கு

‘ஆன்லைன் கல்வி’ என்ற பெயரில் குறைந்தது நான்கு வேறு வேறு விஷயங்கள் புழங்குகின்றன.

1. நேரலை வகுப்பு: ஜூம், கூகுள் மீட் போன்ற செயலிகளில் ஆசிரியரும் மாணவர்களும் ஒரே நேரத்தில் இருப்பார்கள். கொரோனா காலத்தில் பள்ளிகள் நடத்தியது பெரும்பாலும் இதைத்தான்.

2. பதிவு வகுப்பு: முன்கூட்டியே எடுத்து வைத்த வீடியோக்கள், வாராவாரம் பயிற்சிக் கேள்விகள், சந்தேகம் கேட்க ஒரு கலந்துரையாடல் பக்கம். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று திறந்து வைத்தால் அதற்கு ‘மூக்’ என்று பெயர். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல், 2017-ல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வயம் தளம் ஆகியவை இந்த வகை.

3. ஆன்லைன் பட்டப்படிப்பு: சேர்க்கை முதல் பட்டம் வரை பல்கலைக்கழகம் இணையம் வழியே நடத்துவது. இதற்கு யுஜிசியின் விதிமுறைகள் உண்டு.

4. தொலைதூரக் கல்வி: நம் அப்பா தலைமுறை ‘தபால்வழிப் படிப்பு’ என்று சொன்னதன் வாரிசு. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் ஆரம்பித்து வைத்தது. அச்சிட்ட பாடநூல், படிப்பு மையம், வார இறுதியில் நேர்முக வகுப்பு என்று ஓடும். இன்று இதிலும் வீடியோ உண்டு என்பதால், ஆன்லைன் பட்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். சட்டப்படி இரண்டும் வேறு.

‘ஆன்லைனில் படித்தேன், ஒன்றும் ஏறவில்லை’ என்று ஒருவர் சொன்னால், இந்த நான்கில் எது என்று முதலில் கேட்க வேண்டும். 2020-ல் அவசரத்துக்குப் போட்ட நேரலை வகுப்பை வைத்து, மூன்று மாதம் திட்டமிட்டுத் தயாரித்த ஒரு பதிவு வகுப்பை எடைபோட முடியாது.

கற்பித்தலுக்குள் இருக்கும் மூன்று வேலைகள்

ஒரு நல்ல ஆசிரியர் வகுப்பில் செய்வதைப் பிரித்தால் மூன்று வேலைகள் தெரியும்.

1. விளக்குவது: கருத்தை அடுக்கடுக்காகச் சொல்வது, படம் போடுவது, உதாரணம் காட்டுவது.

2. செய்ய வைத்துத் திருத்துவது: கணக்கைப் போடச் சொல்லி, எந்த வரியில் வழி தவறினான் என்று பார்த்து, அங்கேயே விரலை வைப்பது.

3. இழுத்துப் பிடிப்பது: காலை ஒன்பது மணிக்கு வர வைப்பது, கவனம் சிதறினால் ஒரு பார்வையில் திரும்ப இழுப்பது, மூன்று நாள் வராவிட்டால் ஏன் என்று விசாரிப்பது.

முதல் வேலையை இணையம் வகுப்பறையைவிட நன்றாகவே செய்யும். இரண்டாவதைப் பாதி செய்யும். மூன்றாவதைக் கிட்டத்தட்டச் செய்வதே இல்லை. கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் முதல் வேலையைக் காட்டித்தான் விளம்பரம் செய்கின்றன. மாணவர்கள் கழன்றுபோவது மூன்றாவதில்.

அலைவரிசைக் கணக்கு

கற்பித்தலுக்கு முன்னால் ஒரு சாதாரணத் தடை இருக்கிறது: டேட்டா. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் வீடியோ ஓடினால் 3,600 மெகாபிட், அதாவது 450 எம்பி ஆகும் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி). சுமாரான தரத்தில் 500 கிலோபிட் என்று வைத்தால் மணிக்கு 225 எம்பி. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர வகுப்பு என்றால் ஒரு பிள்ளைக்கு 1,125 எம்பி, இரண்டு பிள்ளைகளுக்கு 2.25 ஜிபி. தினம் 1.5 ஜிபி தரும் பேக் போட்ட வீட்டில் மதியத்தோடு டேட்டா தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு பெரும்பாலான பேக்குகளில் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்குகிறது. அதில் வீடியோ ஓடாது, குரல் மட்டும் தட்டுத்தடுமாறி வரும்.

அதே பாடத்தை வேறு மாதிரியும் அனுப்பலாம். 40 கிலோபிட்டில் பதிவு செய்த குரல் மணிக்கு 18 எம்பிதான். அதோடு 200 கேபி அளவுள்ள 30 படங்களைச் சேர்த்தால் இன்னொரு 6 எம்பி. மொத்தம் 24 எம்பி. நேரலை வீடியோவில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆசிரியரின் முகம் திரையில் தெரிய வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு ஏழை வீடு கொடுத்த விலை இது. முகம் தெரிந்ததால் கணக்கு கூடுதலாக விளங்கிவிடவும் இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பதிவு வீடியோ அடுத்த சில நொடிகளுக்கான பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். இடையில் சிக்னல் போய் வந்தாலும் தெரியாது. நேரலையில் அந்தச் சேமிப்புக்கு வழியே இல்லை. இந்த நொடியில் வராத வார்த்தை போனதுதான். சிக்னல் சரியில்லாத ஊரில் நேரலை வகுப்பு ஓட்டை விழுந்த பேச்சாக ஒலிப்பதற்குக் காரணம் இது. அப்படிப்பட்ட இடத்தில் பதிவு வகுப்பைத் தேர்ந்தெடுத்து, இரவில் இறக்கி வைத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

தாமதம் இன்னொரு விஷயத்தையும் கெடுக்கிறது. மனிதர்கள் நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 0.2 நொடிதான், பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து 2009-ல் வந்த ஆய்வு இதைக் காட்டியது. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 0.15 நொடிக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இரண்டு பக்கமும் மொபைல் நெட்டில் இருந்து, வீடியோவும் சேர்ந்துகொண்டால் இந்த எல்லையைத் தாண்டுவது எளிது. விளைவு நமக்குத் தெரிந்ததுதான்: ‘புரியுதா?’ என்று ஆசிரியர் கேட்பார், அமைதி, ‘சரி, அடுத்து’ என்று நகர்வார், அப்போதுதான் ஒரு பையனின் ‘சார், அந்த ரெண்டாவது...’ வந்து சேரும். இரண்டு முறை இப்படி மோதினால் மூன்றாவது முறை அவன் மைக்கைத் திறப்பதில்லை. பையனின் கூச்சம் என்று அதை நினைத்துக்கொள்கிறோம். பாதிப் பழி தாமதத்துக்குச் சேர வேண்டியது.

விளக்கம்: இணையம் ஜெயிக்கும் இடம்

பதிவு வீடியோவை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், முக்கால் வேகத்தில் கேட்கலாம். வகுப்பில் 60 பேர் நடுவே ‘இன்னொரு தடவை சொல்லுங்க’ என்று கேட்கத் தயங்கும் மாணவி இங்கே ஒன்பது தடவை கேட்கலாம். தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியலில் முதலாம் ஆண்டு திணறுபவர்களுக்கு இது சின்ன உதவி இல்லை. என்பிடெல் தன் பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவைத் தமிழிலும் தருகிறது. ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் வாசித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தூரமும் நுழைவுத் தடையும் குறைவது அடுத்த ஆதாயம். ஐஐடி மெட்ராஸ் 2020 ஜூன் 30-ல் அறிவித்த தரவு அறிவியல் பட்டப்படிப்பு இதற்குச் சரியான உதாரணம். இதில் சேர ஜேஇஇ வேண்டாம். விண்ணப்பித்தவருக்கு முதலில் நான்கு வாரப் பாடம் தருகிறார்கள்: ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை. வாராவாரம் பயிற்சியை முடித்துக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தால் தகுதித் தேர்வு எழுதலாம்; அதில் தேறினால் சேர்க்கை. வேலைக்குப் போகிறவர், குழந்தை பெற்று வீட்டில் இருப்பவர், வேறு கல்லூரியில் பி.காம் படிப்பவர் எல்லோருக்கும் கதவு ஒன்றுதான். நடுவில் நிறுத்தினாலும் முடித்த அளவுக்கு ஏற்ற சான்றிதழோடு வெளியேறலாம்.

அந்தத் தகுதிச் சுற்றின் வடிவமைப்பு கவனிக்கத்தக்கது. பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தேர்வு செய்வதற்குப் பதிலாக, யாரும் விரட்டாமல் நான்கு வாரம் தானாக உட்கார்ந்து படிப்பாரா என்றே சோதித்துவிடுகிறார்கள். ஆன்லைன் படிப்புக்குத் தேவையான முதல் தகுதி அதுதான் என்று தெரிந்தவர்கள் போட்ட சல்லடை அது.

வீடியோ எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் ஒரே மூச்சில் பார்ப்பது நடுமட்டமாக ஆறு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. 50 நிமிட வகுப்பைக் கேமரா வைத்து எடுத்து அப்படியே ஏற்றிவிடும் கல்லூரிகள் இதை யோசிப்பதில்லை.

பயிற்சி: புரிந்ததுபோல் தோன்றும் கோளாறு

வீடியோ நன்றாக இருந்தால் ஓர் ஆபத்தும் கூடவே வருகிறது. சரளமாக ஓடும் விளக்கத்தைக் கேட்கும்போது நமக்கே புரிந்துவிட்டதாகத் தோன்றும். கேட்டுப் புரிவதும், தானே செய்ய முடிவதும் வேறு வேறு.

2006-ல் வெளியான ஒரு பரிசோதனையில் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முதல் பிரிவு 81 சதவீதம், இரண்டாம் பிரிவு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்கள் 42, நினைவிலிருந்து எழுதியவர்கள் 56. வீடியோவை இரண்டாம் முறை ஓட்டுவது முதல் பிரிவின் வேலை. அன்றைக்குத் திருப்தியாக இருக்கும், அடுத்த வாரம் கை கொடுக்காது.

திருத்துவதிலும் இணையத்துக்கு எல்லை உண்டு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்வியையும் கணினி நிரலையும் எந்திரம் உடனே திருத்தும். கணினி சார்ந்த படிப்புகள் ஆன்லைனில் நன்றாக ஓடுவதற்குப் பெரும் காரணம் இதுதான். செய்து பார்க்கும் கருவியும் பாடம் வரும் கருவியும் ஒன்றே. ஒரு கட்டுரையின் வாதம் எங்கே தளர்கிறது, நோயாளியிடம் கேள்வி கேட்கும் தொனி சரியா, ஆய்வகத்தில் திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட்டைப் பிடித்த கை நடுங்குகிறதா என்பதைத் திருத்த ஆள் வேண்டும், அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மாதிரி ஆய்வகம் என்று திரையில் காட்டுவதில் தப்பே நடக்காது; நிஜ ஆய்வகத்தில் தப்பு நடப்பதுதான் பாடம்.

2025 உத்தரவின் காரணம் இங்கேதான் இருக்கிறது. அது துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021 சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளையும் உளவியலையும் குறிவைத்தது. நேரடிப் பயிற்சியும் மேற்பார்வையும் படிப்பின் மையமாக உள்ள துறைகள் அவை. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியம், கட்டடக்கலை, பிசியோதெரபி ஆகியவை இந்த முறைகளில் முன்பிருந்தே அனுமதிக்கப்படுவதில்லை.

இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை

நேரமும் இடமும் நம் விருப்பம் என்பது ஆன்லைனின் பெரிய வசதி. தள்ளிப்போடுவதும் நம் விருப்பமாகிவிடுவதால் பெரிய கேடும் அதுவே.

ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் கணக்கு 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-ல் பாடத்தை முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் அது 46 சதவீதம். இந்த 3 சதவீதத்தைக் காட்டி ஆன்லைன் தோற்றுவிட்டது என்பார்கள். அது அவசர முடிவு. இலவசம் என்பதால் எட்டிப் பார்த்தவர்கள் அதில் நிறைய. பணம் கட்டி, முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்களிலும் பாதிக்கு மேல் முடிக்கவில்லை என்பதே யோசிக்க வேண்டிய எண்.

எல்லோரும் ஒரே மாதிரி விழுவதில்லை. அமெரிக்காவில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்தை நேரிலும் ஆன்லைனிலும் நடத்தினார்கள். அதே பாடத்திட்டம், அதே புத்தகம், அதே வீட்டுப்பாடம். ஆன்லைனில் எடுத்தவர்களின் மதிப்பெண் 4 புள்ளி அளவுகோலில் சுமார் 0.44 குறைந்தது என்று 2017-ல் வந்த ஆய்வு கண்டது. ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் எடுத்து வந்தவர்களுக்கு அடி அதிகம்; நன்றாகப் படிப்பவர்களுக்கு அவ்வளவாக இல்லை. வாய்ப்புக் குறைந்தவர்களுக்கான வழி என்று முன்வைக்கப்படும் முறை, படிப்பில் பின்தங்கியவர்களையே கூடுதலாகப் பின்தள்ளுகிறது.

சின்னப் பிள்ளைகளிடம் இதன் கடுமையைக் கொரோனா காட்டியது. கிராமப்புற இந்தியாவில் பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது 2018-ல் 36.5 சதவீதம், 2021-ல் 67.6 சதவீதம் என்கிறது கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் கணக்கெடுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போன் இருந்த வீடுகளிலேயே நாலில் ஒரு பிள்ளையின் கைக்கு அது கிடைக்கவே இல்லை. எப்போதும் கிடைத்ததும் நாலில் ஒரு பங்குக்குத்தான். போன் அப்பாவுடையது, அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-ல் 27.3 சதவீதம்; 2022-ல் 20.5.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்தச் சமயத்தில் ஓரளவு தாங்கிப் பிடித்தது. டேட்டா வேண்டாம், டிவி இருந்தால் போதும். ஆனால் டிவி திரும்பிக் கேள்வி கேட்காது. கடைசியில் கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் மாநில அரசு தொடங்கியது இல்லம் தேடிக் கல்வி: மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு தன்னார்வலர். இன்னொரு செயலியைத் தேடாமல் தெருவுக்கு ஓர் ஆளைப் போட்டது, மேலே சொன்ன மூன்றாவது வேலையைச் சரியாக அடையாளம் கண்ட செயல்.

தேர்வு: எல்லோரும் நேரில் வரச் சொல்வது ஏன்?

நல்ல ஆன்லைன் படிப்புகளைக் கவனித்தால் பாடம் வீட்டில், தேர்வு மையத்தில் என்றுதான் இருக்கும். ஐஐடி மெட்ராஸ் பட்டப்படிப்பில் இடைத் தேர்வுகளும் இறுதித் தேர்வும் நேரில்தான். என்பிடெல்லிலும் பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் பணம் கட்டி மையத்துக்குப் போக வேண்டும்.

என்பிடெல் மதிப்பெண் முறையைப் பார்த்தால் காரணம் புரியும். 12 வாரப் பாடத்தில் வாராந்திரப் பயிற்சிகளில் சிறந்த எட்டை எடுத்து 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. சான்றிதழ் கிடைக்கப் பயிற்சியில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். பயிற்சியில் முழு 25 எடுத்தவர் தேர்வில் 29 எடுத்தால் மொத்தம் 54. இருந்தும் சான்றிதழ் இல்லை. பயிற்சி விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் சுற்றும் என்பது ஊரறிந்த சங்கதி. அதை நம்பிப் பன்னிரண்டு வாரம் ஓட்டியவர்கள் மையத்தில் உட்காரும்போதுதான் விழிக்கிறார்கள்.

வீட்டிலிருந்தே தேர்வு, கேமரா வழியே கண்காணிப்பு என்ற முறையையும் பார்த்தாயிற்று. கேமரா ஆளைக் காட்டுமே தவிர எண்ணத்தைக் காட்டாது. மின்சாரம் போனது, தம்பி குறுக்கே வந்தது, யோசிக்கும்போது கண் ஒதுங்கியது எல்லாம் மென்பொருளுக்கு ஒன்றுதான். அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் ஆன்லைனில் நடத்திய பருவத் தேர்வின் முடிவுகள் பெரும் சர்ச்சையாகி, மறுதேர்வு என்று மாநில அரசு அறிவிக்க வேண்டி வந்தது.

பட்டம் செல்லுமா?

செல்லும், சில நிபந்தனைகளோடு. யுஜிசியின் 2020 விதிமுறைகள் ஆன்லைனுக்கும் தொலைதூரக் கல்விக்கும் பொது. சேரும் முன் வரிசையாகச் சரிபார்க்க வேண்டியவை:

1. பல்கலைக்கழகம் பெரியது என்பது போதாது. அனுமதி ஒவ்வொரு படிப்புக்கும், ஒவ்வொரு சேர்க்கைப் பருவத்துக்கும் தனித்தனி. யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் உங்கள் படிப்பின் பெயரும் நீங்கள் சேரும் பருவமும் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். விற்பனை ஆள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போன வருடத்துடையதாக இருக்கலாம்.

2. டிஜிலாக்கரில் ஏபிசி எண் (படித்து முடித்த பாடங்களின் மதிப்பைச் சேமிக்கும் கணக்கின் எண்) உருவாக்கி, அதை வைத்து யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் தளத்தில் டெப் எண் (அந்தப் பிரிவு மாணவருக்குத் தரும் அடையாள எண்) எடுக்க வேண்டும். 2024 சேர்க்கையிலிருந்து இது கட்டாயம். இது இல்லாமலே சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

3. தொலைதூரக் கல்வி என்றால், மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எல்லை உண்டு. வேறு மாநிலத்தில் மையம் திறந்து சேர்க்க முடியாது. ஆன்லைன் படிப்புக்கு அந்த எல்லை இல்லை.

4. முனைவர் பட்டம் ஆன்லைனில் இல்லை. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தருவதாகச் சொல்லும் ஆன்லைன் பி.எச்டி. செல்லாது என்று 2022 அக்டோபரிலேயே யுஜிசி எச்சரித்தது. அனுமதி இல்லாத வெளிநாட்டுக் கூட்டுப் பட்டங்கள் பற்றி 2023 டிசம்பரில் இன்னொரு எச்சரிக்கை வந்தது.

5. கட்டணம் யார் கணக்குக்குப் போகிறது? பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போக வேண்டும். ‘மாதத் தவணைதான்’ என்று கையெழுத்து வாங்கும் தாள் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனக் கடன் ஒப்பந்தம். படிப்பை விட்டாலும் கடன் விடாது. கையெழுத்துப் போடும் முன் கடன் கொடுப்பவர் பெயரைத் தேடிப் படியுங்கள்.

முழுப் பட்டம் வேண்டாம், ஒன்றிரண்டு பாடம் போதும் என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. நேரடிக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே முடித்து அந்தப் பாட மதிப்பை (கிரெடிட்) உங்கள் பட்டத்தில் சேர்த்துக்கொள்ள 2021 விதிமுறை இடம் தருகிறது. உங்கள் கல்லூரி எந்தப் பாடங்களை ஏற்கிறது என்பதைப் பருவம் தொடங்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். பல இடங்களில் சிக்கல் வருவது தேர்வு முடிந்து சான்றிதழை நீட்டும்போதுதான்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை

ஆன்லைன் உங்களுக்கு ஒத்துவருமா என்பதை யாரும் சொல்ல முடியாது. நான்கு வாரத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம். என்பிடெல் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. நீங்கள் சேர நினைக்கும் துறையில் ஒன்றை எடுங்கள். பதிவுக்குக் காசு இல்லை.

1. வாரத்துக்கு ஐந்து நாள், ஒரே நேரம், ஒரு மணி நேரம் என்று குறித்து வையுங்கள். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைத்தால் கிடைக்காது.

2. ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்தி, திரையை மூடி, கேட்டதை ஒரு தாளில் எழுதுங்கள். எழுத வராத இடத்துக்கு மட்டும் பின்னால் ஓட்டுங்கள். 30 நிமிட வீடியோ இப்படி 50 நிமிடம் எடுக்கும். அதுதான் உண்மையான நேரம்.

3. கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு இருவரும் அந்த வாரப் பயிற்சியைத் தனித்தனியாக முடித்து, விடை மாறும் கேள்விகளை மட்டும் போனில் பேசுங்கள்.

4. பயிற்சியைக் கெடு தேதிக்குள், விடை தேடாமல், நீங்களே செய்து அனுப்புங்கள்.

நான்கு பயிற்சியையும் அனுப்பியிருந்தால் ஆன்லைன் பட்டத்துக்குத் தைரியமாகப் பணம் கட்டலாம். இரண்டுக்கு மேல் தவறியிருந்தால், நேர்முக வகுப்பு நடத்தும் தொலைதூர மையமோ மாலைக் கல்லூரியோ பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.